நூறு முழம்

அந்த அமாவாசைக்குத் தவசியின் வலது கை ஒரு தீப்பெட்டி நீளத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அவ்வளவுதான். விரல்கள் ஐந்தும் இருந்தன. நகங்களும் இருந்தன. வெட்டுவதுதான் சிரமம்.

ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவுக்காரர் கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

கரட்டுப்பட்டியில் நாற்பத்திரண்டு வீடுகள். அத்தனை பேருக்கும் கல்குவாரியில்தான் பிழைப்பு. ஆண்கள் குழி போட்டு வெடி வைப்பார்கள். பெண்கள் கல்லை உடைத்து லாரியில் ஏற்றுவார்கள். குவாரிப் பள்ளத்துக்கும் ஊரின் முதல் வீட்டுக்கும் நடுவே நூறு முழம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு முழம் குறைந்தாலும் குவாரியைப் பூட்டிவிடுவார்கள். அதனால் அமாவாசைக்கு அமாவாசை, வெடி போடாத அன்று, ஊர் கூடி நின்று அளந்துவிடும். பதினெட்டு வருடமாகத் தவசிதான் அளந்தார். பதினெட்டு வருடமாக நூறுதான். கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

பள்ளம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

முதலில் ஆலமரத்தைத் தாண்டி வந்தது. பிறகு பள்ளிக்கூடத்தை. பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் இப்போது எண்பதடி ஆழம். ஆனாலும் பள்ளிக்கூடம் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. கோடை விடுமுறை விட்டிருக்கிறார்கள் என்பார்கள். விடுமுறை நான்காவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை வாத்தியார் பஸ்ஸில் வந்து இறங்குவார். விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். ஒருவரும் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். கோயில் ஊர்வலம் போயிருந்தது. சாமிதானே ஊர்வலம் போகும், கோயிலே போகுமா என்று ஒருத்தி கேட்டாள். வெளியூரிலிருந்து புதிதாக வாக்கப்பட்டு வந்தவள். பிறகு பழகிக்கொண்டாள்.

ஒருமுறை யாரோ ஓர் அதிகாரி டேப்போடு வந்தார். டேப் எல்லா ஊரிலும் ஒரே நீளம் இருக்கும், அதை வைத்து எங்க ஊரை அளந்தா எப்படி ஒத்துவரும் என்று ஊர் கேட்டது. அவர் யோசித்துப் பார்த்தார். நியாயம்தான் என்று சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் வீடு தவசியின் வீடு. முன்பு அது நான்காவது வரிசையில் இருந்தது. வீடு நகரவில்லை. வரிசைதான் முன்னால் வந்துவிட்டது.

அந்த வீட்டுக்குத்தான் ஜோதி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். முழுப்பெயர் நாகஜோதி. தவசிக்கும் பாக்கியத்துக்கும் கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் பிறந்த ஒரே மகள். வளைகாப்பு முடித்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு அழைத்து வந்தார்கள். காற்று வரட்டும் என்று பின்கட்டு அறையில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். காற்று நன்றாகவே வந்தது.

வந்த அன்றைக்கே அவள் பின்வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"எப்பா, கொல்லை எங்கப்பா?"

"பின்னாடிதான் இருக்கு."

"பின்னாடி துணி காயப்போடத்தான் எடமிருக்கு. அதுக்கு அங்கிட்டு ஆகாசமால்ல இருக்கு."

"வெயில்ல வந்திருக்கத்தா. கண்ணு கூசும்."

அவள் தம்ளரில் மிச்சமிருந்த காப்பி மண்டியைப் பின்வாசலில் நின்று வீசினாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு, எங்கோ கீழே 'சொத்' என்றது.

"ஒன் கைக்கு என்னப்பா ஆச்சு?"

"வந்ததும் வராததுமா அப்பன நோண்டாதடி," என்றாள் பாக்கியம். "வாய்க்கு ருசியா என்ன வேணும், அதச் சொல்லு."

அந்தக் கையால் சோறு பிசைய முடியாது. பாக்கியம்தான் ஊட்டிவிட்டாள். இந்த வயசிலும் பொண்டாட்டி கையால் வாங்கித் தின்கிற மனுசன், கொடுத்து வைத்தவர் என்று பக்கத்து வீட்டுச் சின்னக்காள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அமாவாசை காலை ஊர் கூடியது. வெடிக்குப் பொறுப்பான மேஸ்திரி சங்கரலிங்கம் கறுப்புக் குடையோடு வந்து நின்றார். தவசி பள்ளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து, வலது முழங்கையைத் தரையில் ஊன்றினார். முன்பெல்லாம் நூறு முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும், நடுவில் ஒரு டீ குடித்தாக வேண்டும். இப்போது வேலை சுலபம். கொஞ்சம் ஊர்ந்தால் போதும். ஊர் கூடவே எண்ணியது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. வீட்டின் பின்சுவரில் விரல் முட்டியது.

"நூறு!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"பத்து எட்டு வச்சாத் தாண்டிப் போயிரலாம்," என்று பின்வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "இதுவா நூறு முழம்?"

கைதட்டல் நின்றது. ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"யாரு இது?" என்றார் மேஸ்திரி. அவள் காது குத்துக்கு வந்து மொய் செய்தவர் அவர்.

"நம்ம தவசி மகதான்," என்றாள் சின்னக்காள். "மாசமா இருந்தா கண்ணு இப்பிடித்தான் காட்டும். மூத்தவன் வயித்துல இருக்கையில எனக்கு நெலா ரெண்டாத் தெரிஞ்சுச்சு."

"நெலாவ வுடு அத்த. இத அளக்குறேன், பாரு."

ஜோதி மண்டியிட்டாள். வளையல்கள் சரிய, தன் கையைத் தரையில் வைத்து வைத்து எடுத்தாள். விளிம்பு வரைக்கும் போய் நிமிர்ந்தாள்.

"பன்னெண்டு."

மேஸ்திரி சிரித்தார். "ஏத்தா, நீ எந்த ஊருக்கு வாக்கப்பட்ட?"

"வெள்ளாளங்குளம்."

"அப்ப அது வெள்ளாளங்குளத்து மொழம். கட்டிக் குடுத்த கை இங்க செல்லாது. ஒம் புருசன் வீட்டு வாசல அளந்துக்க, யாரு வேணாங்குறா?"

ஊர் சிரித்தது. பதினெட்டு வருடத்தில் அந்த இடத்தில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

"இதுல விழுந்து செத்தா மட்டும் எந்த ஊரு சாவு மாமா?" என்றாள் ஜோதி.

மேஸ்திரி குடையை மடக்கினார்.

"சரி. பன்னெண்டுன்னே வச்சுக்குவோம். நாளைக்கே பூட்டிருவான். நாப்பத்திரண்டு அடுப்பு. நீ வந்து பத்த வப்பியா?"

எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"அவளுக்கு எண்ண வராது மேஸ்திரி," என்றார். "சின்னதுலருந்தே கணக்குல வீக்கு."

பத்தாம் வகுப்புக் கணக்கில் ஜோதி தொண்ணூற்றெட்டு வாங்கியவள். அந்த மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடி போட்டு, பின்கட்டு அறைச் சுவரில் மாட்டி வைத்தவரே தவசிதான்.

அன்று அவள் அவரோடு பேசவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பா, எடது கை நல்லாத்தான இருக்கு. அதுல ஒருக்கா அளந்து பாரேன்."

"பீச்சாங்கையிலயா? கழுவுற கைத்தா அது."

"கழுவிட்டு அள."

உச்சி வெயிலில் ஊர் சாப்பிட்டுப் படுத்த நேரமாகப் பார்த்து தவசி போனார். இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். அளந்தார். பதினொன்று. திரும்பவும் சுவரிலிருந்து விளிம்புக்கு அளந்தார். பதினொன்று.

சுவரோரம் உட்கார்ந்து யோசித்தார். வலது கை பதினெட்டு வருடமாக நூறு சொன்ன கை. ஊரறிந்த கை. இடது கை ஒரு நாளும் அளந்ததில்லை. அனுபவம் கிடையாது. இரண்டில் எது தப்பு என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

இடது கை வளர்ந்துவிட்டிருந்தது.

சாயங்காலமே கம்பவுண்டரிடம் ஓடினார். கம்பவுண்டர் இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வலதை எடுத்து இடதின்மேல் வைத்து வைத்துப் பார்த்தார்.

"ஒம்போது மடங்கு," என்றார். "எப்பருந்து வளருது?"

"இன்னைக்குத்தான் கவனிச்சேன்."

"நல்லவேளை, சீக்கிரமே வந்தீங்க."

வளர்ச்சி நிற்பதற்கு மாத்திரை கொடுத்தார். அந்தக் கையைத் தொங்கவிடக் கூடாது, எதன்மேலும் வைத்துப் பார்க்கக் கூடாது என்றார். ஒரு துண்டால் தொட்டில் மாதிரி கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார். ஊர் வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தது.

"எப்பிடி இருந்த கை," என்றாள் சின்னக்காள். "கண்ணு பட்டுருச்சு."

மகள் வந்து பார்க்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கட்டு அறையில் தரையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. பாக்கியம் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினாள். விரிசல் காலண்டரைத் தாண்டி ஏறியது. பாக்கியம் கடைவீதிக்குப் போய் இதைவிடப் பெரிய காலண்டர் கேட்டு வாங்கி வந்தாள்.

"அம்மா, இதுக்குள்ளருந்து காத்து வருது. கைய வச்சுப் பாரு."

"வரட்டும்டி. பேன் போட வேண்டியதில்ல."

ஜோதி புருசனுக்குப் போன் போட்டாள். பாண்டித்துரைக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. மில்லில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள், அதோடு நூறு முழம் இருப்பதாக மாமாவே சொன்னாரே என்றான். அவள் போனை வைத்துவிட்டு அப்பனிடம் வந்தாள்.

"என்னையக் கடைசித் தெருவுல சித்தி வீட்டுல கொண்டுபோய் வுடுப்பா."

"திடீர்னு மாத்துனா ஏன் மாத்துனன்னு கேப்பாகத்தா."

"கேக்கட்டும்."

"கேட்டா என்னன்னு சொல்ல?"

"பள்ளம் பக்கத்துல வந்துருச்சுன்னு சொல்லு."

"இப்ப வந்துருச்சுன்னா, போன அமாவாசைக்கு நூறுன்னது யாரு? அதுக்கு முந்துன அமாவாசைக்கு? பதினெட்டு வருசமாச் சொன்னது யாரு?"

"நீதான்."

"அப்புறம்?"

"அதுக்காக நான் சாகவாப்பா?"

"புள்ளத்தாச்சி பேசுற பேச்சா இது," என்று அடுப்படியிலிருந்து பாக்கியம் கத்தினாள்.

தவசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல், பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு குவாரி ஆபீஸுக்குப் போனார்.

ஆபீஸ் வராந்தா நடக்க நடக்க நீண்டது. முதல் கதவில் நுழையும்போது சவரம் செய்த முகமாக இருந்தவருக்கு இரண்டாவது கதவுக்கு வருவதற்குள் தாடி முளைத்துவிட்டது. கடைசி அறையில் ஒரு அம்மாள் பொரி தின்றுகொண்டே ரப்பர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"மகள வேற வீட்டுல வைக்கணும் மேடம். பிரசவம் வரைக்கும்."

"காரணம்?"

"காரணம் சொல்லாம வைக்க முடியாதா?"

"முடியும். காரணம் இல்லைங்கறதுக்கு ஒரு காரணம் எழுதணும்."

தவசி துண்டுக்குள் இருந்த கையைப் பார்த்துக்கொண்டார்.

"பள்ளம் கொஞ்சம் பக்கத்துல இருக்கிற மாதிரி..."

"இருக்கா, இருக்கிற மாதிரியா?"

"மாதிரி."

"மாதிரிக்கு ஃபார்ம் கெடையாது."

பொரி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. தவசி எழுந்து கதவு வரைக்கும் போனார். அங்கே நின்றார். திரும்பி வந்தார்.

"இருக்கு," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அந்த அம்மாளுக்குக் கேட்டுவிட்டது. எழுதிக்கொண்டார்.

"அப்ப அளவு தப்பு. அளந்தது யாரு?"

"நான்தான்."

"புகார் குடுக்கறது?"

"நான்தான்."

"சரி. விசாரணைக்கு ஆள் வரும்."

"யாரு மேடம் வருவாக?"

"அளவு சம்பந்தமான புகார அந்தந்த ஊர் அளவுக்காரர்தான் விசாரிப்பாரு."

மூன்றாம் நாள் பதிவுத் தபால் வந்தது. தவசி கையெழுத்துப் போட்டு வாங்கினார். தவசி என்பவர்மீது தவசி என்பவர் கொடுத்த புகாரை விசாரித்து அறிக்கை அனுப்பும்படி தவசிக்கு உத்தரவு. அவர் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, போய் அதிலும் உட்கார்ந்தார்.

"எத்தன வருசமா அளக்குற?" என்று நாற்காலியிலிருந்து கேட்டார்.

"பதினெட்டுங்க," என்று முக்காலியிலிருந்து சொன்னார்.

"ஒரு தடவையாவது கொறஞ்சிருக்கா?"

"இல்லிங்க."

"பெறகு இப்ப மட்டும் எப்பிடிய்யா கொறையும்?"

முக்காலியில் இருந்தவருக்குப் பதில் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்திருந்தது. எந்த வருடம் கை எவ்வளவு இருந்தது, எந்த அமாவாசையில் பள்ளிக்கூடம் போனது, கடைசியாக நின்ற பள்ளிக்கூடச் சுவரில் பையன்கள் எழுதியிருந்த கூட்டல் கணக்கு என்ன, எல்லாம். சொல்ல வாயைத் திறந்தார். பற்ற வைத்த திரியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பது குவாரியில் வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஓட வேண்டும். இல்லை, நசுக்கி அணைக்க வேண்டும்.

"தெரியலிங்க," என்றார்.

புகாரில் உண்மை இல்லை என்று அறிக்கை எழுதினார். வலது கையால்தான் எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் எறும்புத் தலை அளவு இருந்தது. ஆபீஸில் யாராலும் படிக்க முடியவில்லை. அதனால் ஆட்சேபம் எழவில்லை.

அறைக் கதவில் சாய்ந்தபடி ஜோதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசாரிச்சு முடிச்சிட்டியாப்பா?"

"முடிச்சிட்டேன்த்தா."

"யாரு ஜெயிச்சா?"

"ரெண்டு பேருக்கும் சமாதானம்."

அவள் சிரித்தாள். போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு வெடி. வெடிக்கு முன் மூன்று விசில். முதல் விசிலுக்குக் கருவிகளை எடுக்க வேண்டும். இரண்டாவது விசிலுக்கு நூறு முழத்துக்குள் இருக்கிற எல்லோரும் வெளியேற வேண்டும். மூன்றாவதுக்கு, எல்லோரும் ஜல்லி மிஷின் ஷெட்டுக்குப் பின்னால், பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பாக்கியம் தெருக்குழாயில் இருந்தாள். தவசி ஷெட்டில் இருந்தார்.

இரண்டாவது விசில் ஊதியது. தவசியின் கால் தானாக ஓர் எட்டு வைத்தது.

"எங்க போற?" என்றார் மேஸ்திரி.

"ஜோதி தூங்குறா. ஒரு சத்தம் குடுத்துட்டு வந்துர்றேன்."

"எதுக்கு?"

"வெடிச் சத்தத்துக்குப் பயந்துருவா."

"நூறு முழத்துக்கு அங்கிட்டுதான இருக்கா?"

முதுகு காட்டி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நாற்பது ஐம்பது முகம். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. மருந்து கசக்காது என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற நோயாளிகளைப் போல அவர் வாயையே பார்த்தார்கள். சின்னக்காள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றார் தவசி. வைத்த எட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது விசில் ஊதியது.

தூசி அடங்கியதும் வீட்டுக்குப் போனார். முன்வாசல் இருந்தது. கூடம் இருந்தது. நாற்காலியும் முக்காலியும் அதனதன் இடத்தில் இருந்தன. பின்கட்டு அறையின் கதவைத் திறந்தார். அறை இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வெயில் இருந்தது, ஒரு பருந்து இருந்தது. கீழே வெகு ஆழத்தில் புழுதி சுற்றிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

பாக்கியம் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"எந்திரிச்சிட்டாளா?"

"இல்ல. தூங்கட்டும்."

"இந்தச் சத்தத்துக்குமா முழிக்கல?"

"அசந்து தூங்குறா."

பாக்கியம் குடத்தை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர் தளும்பி அவள் தோளில் வழிந்தது. பிறகு அடுப்படிக்குப் போய்ப் பணியாரம் சுட்டாள். ஒரு தட்டில் வைத்து, சாத்திய கதவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் அதை எடுத்துவிட்டு வேறு வைத்தாள்.

மூன்றாம் நாள் சின்னக்காள் வந்தாள். கதவையும் தட்டையும் பார்த்தாள். பாக்கியத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மக, புருசன் வீட்டுக்குப் போயிட்டாளாக்கும்?"

பாக்கியம் தவசியைப் பார்த்தாள். தவசி தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"ஆமா மதினி," என்றாள் பாக்கியம். "அவுகளுக்கு லீவு கெடச்சிருச்சாம். வந்து கூட்டிட்டுப் போயிட்டாக."

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. இருவரும் பஸ் ஏறியதை ஒருவன் பார்த்திருந்தான். பச்சைச் சேலை கட்டியிருந்தாள் என்றான். மஞ்சள் என்றாள் இன்னொருத்தி. கைகலப்பு வரைக்கும் போனது. கடைசியில் பச்சைச் சேலை, மஞ்சள் கரை என்று முடிவாயிற்று.

அடுத்த அமாவாசைக்குத் தவசியின் வலது முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லை. சட்டைக் கை மட்டும் தொங்கியது. சாத்திய கதவும் பள்ளத்தின் விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தன. அவர் கூடத்தில், கதவோரம் குப்புறப் படுத்தார். மேஸ்திரி நிலைப்படியில் குடையோடு நின்றார். ஊர் வாசலில் நின்று எண்ணியது. தவசி இடம் மாறவே தேவை இருக்கவில்லை. படுத்த இடத்திலேயே கிடந்தார். இல்லாத கையால் இல்லாத தூரத்தை நூறு தடவை அளந்தால் நூறுதான் வரும். கணக்கு சரியாகவே இருந்தது.

"நூறு," என்றது ஊர். கைதட்டல் முன்னைவிட அதிகமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டித்துரை வந்தான். கையில் ஒரு சீப்பு மலைப்பழமும் சத்துமாவு டப்பாவும் இருந்தன.

"ஜோதி எங்க மாமா? பத்து நாளாப் போன எடுக்க மாட்டேங்குறா."

"அவதான் ஒங்க வீட்டுல இருக்காளே மாப்ள."

"எங்க வீட்டுலயா?"

"நீங்கதான வந்து கூட்டிட்டுப் போனீக."

"நான் வரவே இல்லையே. இன்னைக்குத்தான லீவு குடுத்தான்."

ஊர் ஒவ்வொருவராக வந்து கூடத்தில் உட்கார்ந்தது. மேஸ்திரி அவன் தோளில் கை போட்டார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க மாப்ள. வியாழக்கெழம. பச்சச் சேலை, மஞ்சக் கரை."

"அவகிட்ட அப்பிடிச் சேலையே கெடையாது."

"நீங்க எடுத்துக் குடுத்ததுதான்," என்றாள் சின்னக்காள்.

பாண்டித்துரை எழுந்தான். பணியாரத் தட்டைத் தாண்டி, பின்கட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றான். கதவின் அடி இடுக்கு வழியாகக் காற்று வந்து அவன் வேட்டியை அசைத்தது.

"இதுக்குள்ள என்ன மாமா?"

அவன் தாழ்ப்பாளில் கை வைத்தான். இரும்பு சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவன் தோள் ஒருமுறை குலுங்கியது. அப்படியே நின்றான். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பீடி எரிந்து முடிகிற நேரம் போயிற்று.

அவன் கையை எடுத்தான்.

"அன்னைக்குப் பஸ்ஸுல நல்ல கூட்டம்," என்றான் கதவைப் பார்த்தபடியே. "உக்கார எடமில்ல."

ஊர் மூச்சை விட்டது.

"மாசமான பிள்ளைக்கு ஒருத்தனும் எந்திரிக்கலையா மாப்ள?" என்றார் தவசி.

"ஒரு கெழவி எந்திரிச்சு எடம் குடுத்துச்சு."

"மகராசி," என்றாள் பாக்கியம்.

அவன் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான். பழத்தையும் மாவு டப்பாவையும் திரும்ப எடுத்துக்கொண்டு, அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போனான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. தவசிக்குப் பிடிக்கக் கையில்லை. இடது கை இன்னும் துண்டுக்குள்தான் இருந்தது. பாக்கியம் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வந்து சேந்துட்டேன் மாமா."

"ஜோதி?"

"இருக்கா," என்றான் பாண்டித்துரை.

"குடுங்க மாப்ள. ஒரு வார்த்த பேசிர்றேன்."

அந்தப் பக்கம் போனை எதன்மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி நகர்ந்தது. காலடி தள்ளிப் போனது. பிறகு எதுவும் இல்லை.

"சாப்பிட்டியாத்தா?" என்றார் தவசி.

காதை அழுத்திக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"சாப்பிட்டாளாம்."

"என்ன கொழம்பாம்?"

கேட்டார். இந்த முறை அதிக நேரம் பிடித்தது.

"கருவாட்டுக் கொழம்பு."

"வேண்டாம்னு சொல்லுங்க. சூடு. புள்ளைக்கு ஆகாது."

அதையும் சொன்னார். பிறகு உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பாக்கியம் போனை அவர் காதிலிருந்து எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

சுவரைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அவள் நகரவில்லை.

வெகுநேரம் கழித்து, "அழாதடி," என்றாள்.